குதிரைக்கு சாப்பாடு நிற்காது... பில்லும் நிற்காது! தாய்க் குதிரையை எப்போது, எப்படி விற்பது?

பைக் இ.எம்.ஐ கட்டலைன்னா என்ன ஆகும்? ரெண்டு மூணு போன் வரும், அப்புறம் ஆள் வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வண்டி குடோனில் நிற்கும். அதுக்குப் பசிக்காது, தாகம் எடுக்காது.

அதே மாதிரி ஒரு குதிரையின் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டலைன்னா? ஜோக் இல்லை பாஸ். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இது அன்றாடப் பிரச்னை. அங்கே குதிரை வைத்திருக்கும் பலரிடம் ஒரு ஏக்கர் நிலம்கூடக் கிடையாது. குதிரை இன்னொருவருடைய பண்ணையில் வளரும், மாதாமாதம் பில் வரும். இதற்குப் பெயர் 'போர்டிங்'. பில் கட்ட முடியாமல் போனாலும் குதிரை நாளைக்குக் காலையில் சாப்பிட்டாக வேண்டும். யாரோ ஒருவர் அதற்குத் தீவனம் வைத்தாக வேண்டும்.

'கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்ததாம்' என்று நம்ம ஊரில் சொல்வார்கள். போர்டிங் பாக்கியில் மாட்டிய ஓனருக்கு அதன் அர்த்தம் நன்றாகவே புரியும். ஆனால், இந்தக் கதையில் குழியில் விழுவது பெரும்பாலும் குதிரைதான். அது எப்படி, அதைத் தவிர்க்க என்ன வழி? பார்ப்போம் வாங்க.

தாய்க் குதிரை: ஓடாத குதிரைக்கு ஏன் இவ்வளவு விலை?

ரேஸில் ஓடி முடித்த, அல்லது நல்ல வம்சத்தில் பிறந்த பெண் குதிரையை குட்டி ஈனுவதற்காகவே வைத்துக்கொள்வார்கள். இதைத்தான் ஆங்கிலத்தில் 'ப்ரூட்மேர்' என்கிறார்கள். நாம் 'தாய்க் குதிரை' என்றே வைத்துக்கொள்வோம்.

கென்டக்கியின் லெக்சிங்டன் நகரைச் சுற்றியுள்ள புல்வெளிகள்தான் இந்தத் தொழிலின் தலைநகரம். சுண்ணாம்புக்கல் நிலம், செழிப்பான புல், வெள்ளையும் கறுப்புமாக மர வேலிகள் என்று பார்க்கவே அழகாக இருக்கும். 'தரோப்ரெட்' எனும் ரேஸ் குதிரை இனத்துக்கு அங்கே விதிகள் ரொம்பக் கறார். செயற்கைக் கருவூட்டல் கூடாது. பொலிகுதிரையோடு நேரடியாகச் சேர்த்தால்தான் பிறக்கும் குட்டியைப் பதிவு செய்ய முடியும். டி.என்.ஏ பரிசோதனையில் அப்பா அம்மா உறுதியாக வேண்டும்.

கர்ப்ப காலம் சுமார் 11 மாதம். பெரும்பாலும் ஒரு குட்டிதான். அதாவது, எல்லாம் சரியாக நடந்தால் வருஷத்துக்கு ஒரே ஒரு 'ரிலீஸ்'. அது தப்பினால் அந்த வருஷமே போச்சு. செலவு மட்டும் 365 நாளும் உண்டு.

ஒரு சின்ன கணக்கு போடுவோமா?

ஒரு நாள் போர்டிங் 40 டாலர் என்று வெச்சுக்கோங்க. இது உதாரணக் கணக்குதான், பண்ணைக்குப் பண்ணை மாறும். மாதம் 1,200 டாலர். வருஷம் 14,600 டாலர். டாக்டர், குளம்பு சீவுபவர், தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் பெரும்பாலும் தனி பில்.

இப்போ பொலிகுதிரைக்கான கட்டணம் 10,000 டாலர் என்று வைப்போம். மார்ச்சில் சினை பிடித்தால், அடுத்த பிப்ரவரியில் குட்டி. அந்தக் குட்டியை ஒரு வயதுக் குட்டிகளுக்கான செப்டம்பர் ஏலத்தில் விற்க, இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆக, போட்ட காசு திரும்பி வர 30 மாதம். ஒரு குதிரைக்கான போர்டிங் மட்டும் கணக்கிட்டால்கூட 36,000 டாலர். கட்டணத்தையும் சேர்த்தால் 46,000 டாலர். குட்டி இதற்குக் கீழே விலை போனால் நஷ்டம். இதற்கிடையில் தாய்க் குதிரை அடுத்த குட்டிக்காகத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்!

ஒரு வருஷம் சினை பிடிக்கவில்லையா? 14,600 டாலர் போனது போனதுதான். இரண்டு வருஷம் தொடர்ந்து அப்படி நடந்தால்தான் பலருக்கு முதல் பில் தள்ளிப்போகிறது. 'அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடறேன்' என்ற மெசேஜும் அப்போதுதான் போகும்.

அப்போ வித்துட வேண்டியதுதானே?

சொல்வது சுலபம். விற்க மனசு வராததற்குக் காரணம் ஆசை. அந்த ஆசைக்கு உண்மையான உதாரணங்களும் இருக்கின்றன.

'லெஸ்லீஸ் லேடி' என்று ஒரு தாய்க் குதிரை. 2006 நவம்பரில், கீன்லேண்ட் ஏலத்தில் 1 லட்சம் டாலருக்கு விலைபோனது. அப்போது அதன் ஒரு குட்டிக்கு வெறும் ஒரு வயது. பின்னாளில் 'இன்டு மிஸ்சிஃப்' என்ற பெயரில் அமெரிக்காவின் முன்னணிப் பொலிகுதிரையானது அதுதான். அடுத்து 2010-ல் பிறந்த 'பிஹோல்டர்' பலமுறை சாம்பியன் பட்டம் வென்றது. 2019-ல் லெஸ்லீஸ் லேடியின் இன்னொரு குட்டி 82 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தக் கதையைக் கேட்ட எந்த ஓனருக்கும், 'நம்ம குதிரையும் அப்படி ஆகிட்டா?' என்ற நினைப்பு வரத்தான் செய்யும். ஆனால், கதையின் கடைசிப் பக்கத்தையும் படிச்சிடுங்க. 82 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய அந்தக் குட்டி, ஒரு ரேஸ்கூட ஓடாமல் இறந்துபோனது.

இன்னொரு உதாரணம், 'பெட்டர் தேன் ஹானர்'. இதன் மகன் 'ஜாஸில்' 2006-லும், மகள் 'ராக்ஸ் டு ரிச்சஸ்' 2007-லும் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் ரேஸை வென்றார்கள். 1905-க்குப் பிறகு அந்த ரேஸை வென்ற முதல் பெண் குதிரை ராக்ஸ் டு ரிச்சஸ்தான். 2008 நவம்பரில் ஃபேசிக்-டிப்டன் ஏலத்தில் அம்மா குதிரை 1.4 கோடி டாலருக்குப் போனது. ஏலத்தில் ஒரு தாய்க் குதிரைக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அதே 2008-ல்தான் உலகப் பொருளாதாரம் சரிந்தது. உச்சியில் இருந்த குதிரைக்கு சாதனை விலை கிடைத்த அதே காலகட்டத்தில், சாதாரணத் தாய்க் குதிரைகளை வாங்க ஆள் குறைந்துபோனது. 2000-களின் நடுவில் வட அமெரிக்காவில் வருஷத்துக்கு 35,000-க்கும் அதிகமான தரோப்ரெட் குட்டிகள் பதிவாகின. இப்போது அது 20,000-க்கும் கீழே. குட்டி குறைந்தால், தாய்க்கு வேலை எங்கே இருக்கும்?

பில் கட்டாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

நகையை அடகு வைக்கிறோம். கடனை அடைக்கும் வரை நகை கடைக்காரரிடமே இருக்கும். கிட்டத்தட்ட அப்படி ஓர் உரிமை பண்ணைக்காரருக்கும் உண்டு. இதை 'லியன்' என்பார்கள், தமிழில் 'பற்றுரிமை'. இதில் வித்தியாசம் என்னவென்றால், யாரும் கையெழுத்துப் போட்டு அடகு வைக்கவில்லை. பாக்கி விழுந்தாலே சட்டம் அந்த உரிமையைக் கொடுத்துவிடுகிறது.

கென்டக்கி சட்டத்தில், கூலிக்குக் கால்நடைகளைப் பராமரிப்பவருக்கு, நியாயமான பராமரிப்புச் செலவுக்காக அந்தக் கால்நடை மேல் ஒரு வருஷத்துக்குப் பற்றுரிமை உண்டு. சட்டத்தில் எழுதியிருக்கும் வார்த்தை 'கேட்டில்'. அதாவது, நாம் மாட்டுக்குச் சொல்லும் வார்த்தை! ஆனால், அந்த மாநிலத்துச் சட்ட விளக்கத்தில் குதிரை, கழுதை, ஆடு, பன்றி எல்லாமே 'கேட்டில்' கணக்கில்தான் வரும். பல கோடி பெறும் குதிரையும் சட்டத்தின் கண்ணில் மாடுதான்.

கவனிக்க வேண்டியது அந்த 'ஒரு வருஷம்'. 'பழகின ஆளாச்சே, கேட்க சங்கடமா இருக்கு' என்று பண்ணைக்காரர் இரண்டு வருஷம் சும்மா இருந்தால், பாக்கியின் பழைய பகுதிக்கு இந்தப் பிடி நழுவிவிடலாம்.

நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் நோட்டீஸ் அனுப்பி, குறிப்பிட்ட நாள் காத்திருந்து, பொது ஏலத்தில் விற்கலாம். சில இடங்களில் கோர்ட் படியேற வேண்டும். எந்த ஊராக இருந்தாலும், 'பாக்கி இருக்கு, அதனால குதிரை இனி எனக்குத்தான்' என்று பண்ணைக்காரர் தானாக முடிவெடுத்து விற்றால், கேஸ் அவர் மேலேயே திரும்பும்.

நீங்கள் பண்ணைக்காரர் என்றால்...

* முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்: ஒரு நாள் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், தாமதமானால் வட்டி எவ்வளவு, டாக்டர் பில் யாருடையது, எத்தனை நாள் பாக்கிக்குப் பிறகு விற்பனை நடவடிக்கை... எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.
* 30-வது நாளே பேசுங்கள்: 180 நாள் கழித்துப் பேசினால், 40 டாலர் கணக்கில் பாக்கி 7,200 டாலர். பல தாய்க் குதிரைகளின் விலையே அவ்வளவுதான் இருக்கும். குதிரையின் மதிப்பை பாக்கி தாண்டிவிட்டால், ஓனர் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார்.
* தீவனத்தைக் குறைக்காதீர்கள்: கோபம் ஓனர் மேல். பட்டினி கிடப்பது குதிரை. அதுபோக, குதிரை மெலிந்தால் விலை விழும், கொடுமைப்படுத்திய வழக்கும் உங்கள் மேல்தான் வரும்.
* குதிரையைக் கேட் தாண்ட விடாதீர்கள்: பல இடங்களில் குதிரை உங்கள் வசம் இருக்கும் வரைதான் பற்றுரிமைக்கு பலம். 'கூட்டிட்டுப் போய் வித்துட்டுப் பணம் அனுப்பறேன்' என்றால், முதலில் எழுத்துபூர்வமான உறுதி வாங்குங்கள்.
* பதிவுப் பத்திரத்தை நம்பி உட்காராதீர்கள்: பேப்பர் கையில் இருப்பதால் குதிரை உங்களுடையது ஆகிவிடாது. பெயர் மாற்ற ஓனர் கையெழுத்தோ, முறையான சட்ட ஆவணமோ வேண்டும்.

நீங்கள் ஓனர் என்றால்...

முதல் வேலை, போனை எடுப்பது. சத்தமில்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் வழிகள் குறையும். பண்ணைக்காரர் மூன்றாவது மாதத்தில் ஒப்புக்கொள்ளும் சமரசத்தை, ஒன்பதாவது மாதத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்களுக்கு இருக்கும் வழிகள் இவை.

1. ஏலத்தில் விற்பது: கீன்லேண்டில் நவம்பரிலும் ஜனவரியிலும் தாய்க் குதிரைகள் ஏலத்துக்கு வரும். ஃபேசிக்-டிப்டனிலும் நவம்பர், பிப்ரவரி ஏலங்கள் உண்டு. பதிவு முன்கூட்டியே முடிந்துவிடும் என்பதால், கோடையிலேயே முடிவெடுக்க வேண்டும். ஏலத்துக்கு குதிரையைத் தயார் செய்து கொண்டுபோகும் ஏஜென்ட்டை 'கன்சைனர்' என்பார்கள். பண்ணைக்காரரே கன்சைனராக இருந்தால், விற்ற பணத்தில் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாக எழுதிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் நிம்மதி.

2. நேரடி விற்பனை: ஏலச் செலவு மிச்சம். ஆனால் போட்டி இல்லாததால் விலை குறையலாம். பணம் முழுசாக வந்த பிறகே பத்திரம் கைமாற வேண்டும்.

3. பாக்கிக்கு ஈடாகக் குதிரையையே கொடுப்பது: பண்ணைக்காரருக்கு அந்த வம்சத்தில் ஆர்வம் இருந்தால் இதுதான் சுலபம். 'பாக்கி முழுவதும் தீர்ந்தது' என்ற ஒரு வரி கட்டாயம் எழுத்தில் வேண்டும்.

4. குட்டியில் பங்கு: பராமரிப்புச் செலவைப் பண்ணை ஏற்கும், பிறக்கும் குட்டியில் இருவருக்கும் பங்கு. குதிரை இளசாக, சினைப் பிடிப்பு நன்றாக இருந்தால் மட்டுமே பண்ணை சம்மதிக்கும்.

5. குத்தகை: ஒன்றிரண்டு வருஷத்துக்கு இன்னொருவர் குதிரையை எடுத்துக்கொண்டு, செலவைப் பார்த்து, பிறக்கும் குட்டியை வைத்துக்கொள்வார். குதிரை உங்கள் பெயரிலேயே இருக்கும்.

நவம்பரில் விற்பது ஏன் முக்கியம்?

வட பாதி உலகில் எல்லா தரோப்ரெட் குதிரைகளுக்கும் ஜனவரி 1-ம் தேதிதான் பிறந்தநாள். டிசம்பர் 31-ல் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது! அதனால் குட்டிகள் ஆண்டின் தொடக்கத்தில் பிறக்கும்படி, பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூலை தொடக்கம் வரை இணை சேர்க்கிறார்கள்.

நவம்பரில் தாய்க் குதிரை பெரும்பாலும் பல மாத சினையாக இருக்கும். வாங்குபவர் ஒரே விலையில் இரண்டு உயிரை வாங்குகிறார். சில மாதத்தில் குட்டி கையில் வந்துவிடும். அதுவே சினை இல்லாத குதிரை என்றால், அவர் மறுபடி கட்டணம் கட்டி, சினை பிடித்து, 11 மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் விலை சரசரவென்று இறங்கும். வயதும் அப்படித்தான். 15-ஐத் தாண்டினால் வாங்குபவர் யோசிப்பார்.

ஆக, விற்க வேண்டிய நேரம் குதிரை இளமையாக, சினையாக, பாக்கி இல்லாமல் இருக்கும்போதுதான். பலரும் விற்பது இந்த மூன்றும் கைவிட்டுப் போன பிறகு.

ஏலத்துக்கு முன் ஒரு செக் லிஸ்ட்

* சினைப் பரிசோதனை: டாக்டர் சான்றிதழ் இல்லாமல் 'சினையா இருக்கு' என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சினை இல்லையென்றால், கருப்பையில் தொற்று இல்லை என்ற ரிப்போர்ட்டாவது வேண்டும்.
* பொலிகுதிரைக் கட்டணம்: குட்டி எழுந்து நின்று பால் குடித்த பிறகு கட்டினால் போதும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதே ஒப்பந்தத்தில், 'தாயை விற்றால் உடனே கட்ட வேண்டும்' என்றும் இருக்கலாம். கட்டாவிட்டால் பொலிகுதிரையின் ஓனர் சான்றிதழ் தர மாட்டார். சான்றிதழ் இல்லாத குட்டியைப் பதிவு செய்ய முடியாது.
* உடம்பு: குதிரையின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடும் 'ஹென்னெகி' அளவுகோல் 1983-ல் வந்தது. 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் கொழுகொழு. 5, 6-ல் இருக்கும் தாய்க் குதிரைக்கு நல்ல மதிப்பு. மெலிந்த குதிரைக்கு சினை பிடிப்பதும் கஷ்டம்.
* ரத்தப் பரிசோதனை: குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் 'காகின்ஸ்' டெஸ்ட் அவசியம். மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே இதைக் கேட்பார்கள்.
* குறைந்தபட்ச விலை: 'இதுக்குக் கீழே தர மாட்டேன்' என்று ஒரு விலையை முன்கூட்டியே வைக்கலாம். ஆனால், பேராசையில் வைத்து குதிரை விற்காமல் திரும்பினால், அன்றைக்கே மறுபடி போர்டிங் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

யார் வாங்குகிறார் என்பதையும் பாருங்கள்

இதுதான் பலரும் பேசத் தயங்கும் விஷயம். அமெரிக்காவில் இறைச்சிக்காகக் குதிரையை வெட்டும் கூடங்கள் 2007-லேயே மூடப்பட்டன. அதோடு பிரச்னை தீரவில்லை. மலிவு ஏலங்களில் குதிரைகளை வாங்கி, லாரியில் ஏற்றி மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் அனுப்பும் ஆட்கள் உண்டு. அவர்கள் கணக்கில் குதிரைக்கு வம்சம் கிடையாது, எடை மட்டும்தான். வயதான, சினை பிடிக்காத தாய்க் குதிரை அவர்களுக்கு சுலபமான இலக்கு.

'பெரிய குதிரைக்கு அப்படி நடக்காது' என்று நினைக்காதீர்கள். 1986-ல் கென்டக்கி டெர்பியை வென்ற 'ஃபெர்டினாண்ட்' பின்னர் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. அங்கே 2002-ல் அது வெட்டுக்கூடத்தில் முடிந்துபோனதாக அடுத்த வருஷம் செய்தி வந்தபோது, அமெரிக்க ரேஸ் உலகமே அதிர்ந்துபோனது. டெர்பி ஜெயித்த குதிரைக்கே அந்த நிலை.

அதனால் என்ன செய்யலாம்?

'இலவசம், யார் வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம்' என்று விளம்பரம் போடாதீர்கள். ஒரு சின்ன விலையாவது வையுங்கள், வாங்குபவரின் இடத்தை நேரில் பாருங்கள். 'மறுபடி விற்பதாக இருந்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டும்' என்பதை விற்பனைப் பத்திரத்தில் சேருங்கள். அமெரிக்காவில் தரோப்ரெட் பதிவைக் கையாளும் 'தி ஜாக்கி கிளப்' அமைப்பில், 'இந்தக் குதிரைக்கு எப்போதாவது உதவி தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள்' என்று பதிந்துவைக்க 'தரோப்ரெட் கனெக்ட்' என்ற வசதி இருக்கிறது. ஓய்வுபெற்ற ரேஸ் குதிரைகளைப் பராமரிக்கும் இடங்களை ஆய்வு செய்து அங்கீகாரம் கொடுக்க, 2012-ல் 'தரோப்ரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ்' தொடங்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற இடத்தைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

குதிரை ரொம்ப வயதாகி, தீராத வலியில் இருந்தால், டாக்டரை வைத்து வலியில்லாமல் அதன் முடிவைப் பழகிய இடத்திலேயே ஏற்பாடு செய்வதும் ஓனரின் கடமைதான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தெரியாத ஊர் லாரியில் நாள்கணக்கில் நின்றுகொண்டே போவதைவிட அது மேல்.

சரி, எங்கே கோடு போடுவது?

அனுபவமுள்ள ஓனர்கள் ஒரு பழக்கம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தாய்க் குதிரைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு எழுதுவது. இந்த வருஷம் இதுக்கு என்ன செலவு? குட்டி எவ்வளவுக்குப் போனது? சினை பிடித்ததா? இன்றைக்கு விற்றால் என்ன வரும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பார்த்தாலே, ஆசை எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கூடவே ஐந்தாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கோங்க. அடுத்த ஆறு மாத போர்டிங் பணம் என் கையில் இப்போது இருக்கிறதா? 'இல்லை' என்றால், அன்றைக்கே பண்ணைக்காரருக்கு போன் போடுங்கள். குதிரைக்கு இன்னும் விலை இருக்கும், உங்கள் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கும். அந்தக் குதிரையும் நல்ல கையில் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கும்.